கழற்றிய தகரம்

மகளோடு படிக்கும் பிள்ளைகளே, நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன். நெடுங்கேணியில் எங்கள் காட்டோரம், ‘டேஞ்சர், மிதிவெடி’ என்று எழுதிய சிவப்புத் தகரம் மரத்தில் தொங்கியது. பல வருடமாக அங்கே ஒன்றும் வெடிக்கவில்லை. அதைக் கழற்றி வந்து கோழிக்கூட்டுக்குக் கதவாக அடித்தேன்.

மறுநாள் காலை மகள் அதை வாசித்தாள்.

“அப்பா, டேஞ்சர் எண்ட சொல்லுக்கு முந்தி வேற கருத்தாம். ஒரு பிரபுவின்ர பிடிக்குள்ள இருக்கிறதாம். அவர் நினைச்சால் விடுவார், நினைச்சால் அழிப்பார். ரீச்சர் சொன்னவா.”

“எங்கட கோழியளும் என்ர பிடிக்குள்ளதானே” என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. “அப்ப காட்டுக்குள்ள போற ஆக்களை ஆர் மறிக்கிறது?”

பக்கத்து வீட்டு ராணியக்கா பாலைப்பழம் பொறுக்கப் போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடினேன். தகரம் தொங்கிய மரத்துக்கு அப்பால் குனிந்து நின்றார்.

“அக்கா, மிதிவெடிக் காணி! வந்த தடத்திலேயே கால் வைச்சுத் திரும்பி வாங்கோ!”

ஒவ்வொரு அடிக்கும் சருகு நொறுங்கியது.

வெளியே வந்ததும் அவர் வெறும் மரத்தைத் திரும்பிப் பார்த்தார். “தகரத்தைக் காணேல்லைத் தம்பி. வெடியெல்லாம் எடுத்துப் போட்டாங்கள் எண்டு நினைச்சன்.”

தகரத்தை அன்றே திரும்பக் கட்டினேன். கழற்றியவன் நான் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதிவிட்டேன். அவரின் வாசல் படலையைத் தட்டத்தான் இன்னும் கை எழவில்லை.