சமதரைக்கு நடந்த விரலளவு மனிதர்கள்

பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருந்த நாட்களில், ரப்பர் பாலில் அச்செடுத்து விரலளவு பொம்மைகளை வார்த்து, அவற்றுக்கு வண்ணம் தீட்டுவது என் பொழுதுபோக்கு.

கேகாலைப் பக்கமுள்ள எங்கள் தோட்டத்தில், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்கு மேலிருந்த மலைச்சரிவு மழையில் வெடிப்பு விட்டது. மண் சரிவதற்குள் எங்களைச் சமதரைக்கு மாற்றும்படி கேட்டோம். தண்ணீர் வடிய வடிகான் வெட்டினால் போதும் என்றார் தோட்டத்தை நிர்வகித்த துரை.

பேச்சுவார்த்தைக்கு அந்த மலை, லயம், சமதரை எல்லாம் அடங்கிய மாதிரியைச் செய்து, லயத்து மக்கள் அனைவரையும் அதிலிருந்த லயத்தில் பொம்மைகளாக நிறுத்தினேன். துரை கோபித்தால் எல்லாருக்கும் பாதிப்பாகுமே என்ற அச்சம் என்னை வாட்டியது.

"ஷோக்கா இருக்கே! இது யாரு?" என்று துரை ஒன்றை எடுத்தார்.

"நாந்தாங்க தொரை," என்றார் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா. "தம்பி என்னைய இவ்ளோ குண்டாக்கிட்டான்!"

அனைவரும் சிரித்தனர். அக்கா பொம்மையை அவரிடமிருந்து வாங்கினார். ஆனால் லயத்தில் வைக்காமல் சமதரையில் நிறுத்தினார்.

"நான் இங்கதாங்க இருக்கப் போறேன்."

ஒருவர்பின் ஒருவராக எல்லாரும் வந்து, தத்தம் பொம்மையைத் தேடியெடுத்து அக்காவின் பொம்மையருகே வைத்தனர்.

"மச்சான், என் பொண்டாட்டியையும் தூக்கிட்டுப் போ!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"அவ எப்பவோ சமதரைக்குப் போயிட்டாடா!"

மாதிரியில் லயம் வெறுமையானது. துரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் 'சரி' சொன்னார். "சமதரையையே குடுத்துருவோம்."

அவரை மாற்றியது பொம்மைகளா, மக்களா என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். தன் சாயலைக் கண்ட எவருக்கும் அதை அந்தச் சரிவின் கீழே விட்டுவர மனம் வரவில்லை என்பதை மட்டும் கண்ணால் கண்டேன்.

நேற்று, சமதரையில் எழுந்த புது வீட்டில் செல்வி அக்கா பால் காய்ச்சினார்.