இடிபட்ட நாள்

2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் கார் காப்புறுதியைப் புதுப்பிக்கும்படி கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. நான்கு பக்கங்கள். முதல் மூன்றில் எங்களைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றை எங்களுக்குத் தெரிவித்திருந்தார்கள். நான்காவதில் தெரியாதவற்றைக் கேட்டிருந்தார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில், யார் பிழையாக இருந்தாலும், இந்தக் கார் ஏதாவது விபத்தில் சம்பந்தப்பட்டதா? சம்பந்தப்பட்டிருந்தால் தொலைபேசியில் அறிவிக்கவும்.

'யார் பிழையாக இருந்தாலும்' என்பதன் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டேன். குசினியிலிருந்து வந்த மனைவி கோட்டைப் பார்த்துவிட்டார்.

"நாங்கள் அவையிட்ட ஒரு சதமும் கேக்கேல்லையே. பிறகென்ன விபத்து?"

"காசு கேட்டதோ எண்டு கேக்கேல்லை. இடிபட்டதோ எண்டுதான் கேக்கினம்."

"அது தெரியாட்டி அவைக்கு நித்திரை வராதாக்கும்."

நான் நாட்குறிப்பை எடுத்தேன். 1982 முதல் எழுதி வருகிறேன். இடையில் இரண்டு நாடுகள் மாறியிருக்கிறேன். எழுதுவதை நிறுத்தவில்லை.

விபத்து முந்தைய ஆண்டு ஆகஸ்ட் மாதம் நடந்தது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி வட்டாரத்தில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மனைவிக்கு வேலை. பிற்பகலில் அவரைக் கூட்டி வரப் போனேன். நார்த்மீட்டில் ஒரு சிவப்பு விளக்குக்கு நின்றபோது பின்னால் வந்த பழைய வெள்ளைக் கார் இடித்தது. பெரிய இடி அல்ல. என் கண்ணாடி மூக்கிலிருந்து மடிக்கு வந்தது, அவ்வளவுதான். இருவரும் பக்கத்துத் தெருவுக்குள் திருப்பி நிறுத்தினோம். வெள்ளைக் காரிலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கியபடி இறங்கினார். நான் பொலிஸ் இல்லை என்று தெரிந்தும் கைகளை இறக்கவில்லை.

"சொறி சேர், சொறி சேர்," என்றார். அந்த 'சொறி'யை நான் எங்கேயும் அடையாளம் கண்டுபிடிப்பேன்.

"தமிழோ?"

கைகள் இறங்கின. "ஓம் அண்ணை. அண்ணை, பொலிசுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. எனக்குக் கேஸ் நடக்குது."

கேஸ் என்றால் என்னவென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. படகில் வந்தவர். கிறிஸ்மஸ் தீவுத் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, கேஸ் முடியும்வரை தங்குவதற்கான பிரிட்ஜிங் விசாவில் வெளியே விடப்பட்டு, மூன்று மாதமாகக் கோழி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அகதிக் கோரிக்கை முதல் சுற்றில் நிராகரிக்கப்பட்டு, மறுபரிசீலனைக்குக் காத்திருந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். பொலிசுக்குச் சொல்லும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை என்று சொன்னேன். பின் விளக்கின் கண்ணாடி வெடித்திருந்தது, பம்பரில் ஒரு குழி. அடுத்து நான் கேட்ட கேள்வி எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி.

"எவ்விடம் நீங்கள்?"

வடமராட்சி என்றார். வடமராட்சியில் எவ்விடம் என்றேன். சொன்னார். எந்தப் பள்ளிக்கூடம், தகப்பன் என்ன வேலை, அக்கா எங்கே கட்டினது என்று அவரவர் காரில் சாய்ந்தபடி இருபது நிமிடம் கதைத்தோம். பத்தொன்பதாம் நிமிடத்தில் அவருடைய அக்காவின் கணவர், மெல்பேர்னில் இருக்கும் என் மனைவியின் சித்தி மகளுக்கு ஒரு வகையில் மைத்துனர் முறை என்று வந்தது. அதன் பிறகு விபத்தைப் பற்றிக் கதைப்பது மரியாதையாக இருக்காது. "போட்டு வாறன் அண்ணை" என்று அவர் போனார். நானும் போனேன். விளக்கை அந்த வாரமே நானே வாங்கிப் பூட்டினேன். குழி இன்றும் இருக்கிறது.

நாட்குறிப்பில் பதினைந்தாம் திகதி, புதன்கிழமை என்ற தலைப்பின் கீழே ஒன்றரைப் பக்கம் இருந்தது. வானம் மூட்டம், குளிர். இடித்தவரின் ஊர், பள்ளிக்கூடம், தகப்பன் தபாற்கந்தோரில் வேலை செய்தது, அக்காவின் கலியாணத்துக்கு மழை பெய்தது, எல்லாம் இருந்தன. அவருடைய பெயர் இல்லை. கார் இலக்கம் இல்லை. தொலைபேசி எண்ணும் இல்லை. இருபது நிமிடமும் நான் அவரைத் தம்பி என்றேன், அவர் என்னை அண்ணை என்றார். பெயருக்குத் தேவை ஏற்படவில்லை.

காப்புறுதிக் கம்பனிக்கு அழைத்தேன், தொலைபேசியில் கிடைத்த பெண் அன்பானவர். என்னை முதற்பெயரால் அழைத்தார். ஊரில் என் தாயைத் தவிர யாரும் அப்படி அழைத்ததில்லை. விபத்து நடந்த திகதி கேட்டார், சொன்னேன். நின்ற காரில் பின்னால் இடித்தார்கள் என்றதும் உங்களில் பிழை இல்லை என்றார். சந்தோஷமாக இருந்தது. இடித்தவரின் பெயர் என்ன என்றார். தெரியாது என்றேன். காரின் இலக்கம்? தெரியாது. அவரைப் பற்றி ஏதாவது தெரியுமா? நிறையத் தெரியும் என்றேன். அவற்றுக்கு அவருடைய படிவத்தில் இடம் இருக்கவில்லை. பிறகு விளக்கினார்: மற்றச் சாரதி யாரென்று தரமுடியாவிட்டால் அது பிழை உங்களுடையது என்ற பிரிவிலேயே பதிவாகும். புதுப்பிக்கும் நாளுக்கு முன்னர் விபரம் தந்தால் மாற்றலாம். நாங்கள் பணம் எதுவும் கோராததால் அவரை யாரும் தேடிப் போகமாட்டார்கள், இது வெறும் பதிவுதான்.

முப்பது வருடமாகக் கார் ஓட்டுகிறேன். என் பெயரில் ஒரு பிழையும் கிடையாது. மனைவி மெல்பேர்னில் இருக்கும் சித்தி மகளுக்கு அழைத்து, இடித்தவரின் பெயர் வேண்டும் என்று சொல்லிவிட்டு என்னிடம் தந்தார்.

"அத்தான், உங்களுக்கென்ன விசரோ? அந்தாளுக்கு அடுத்த மாசம் ரிவியூ. இப்ப போய் அவற்ற பேரைக் கொண்டுபோய்க் குடுக்கப் போறீங்களோ?"

"பொலிசுக்கில்லை. இன்சூரன்சுக்கு."

"எல்லாம் ஒரே கொம்பியூட்டர்தானே, அத்தான்."

அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்களில் பலர் ஒரு பட்டியலில் பெயர் வந்ததால் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்கள். பட்டியல்கள் ஒன்றோடொன்று கதைப்பதில்லை என்று அவர்களுக்குச் சொல்வது சுலபமல்ல. அவருக்கு விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடுகிறேன், பிழை என் பெயரிலேயே கிடக்கட்டும், அவரிடம் கேட்டு மட்டும் பார் என்றேன். சொல்லும்போது பெருந்தன்மையாகத்தான் இருந்தது. தொலைபேசியை வைத்த பிறகு அவ்வளவு இல்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அவரேதான். சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை பதினொரு மணி என்று சொல்லியிருந்தார், பதினொரு மணிக்கு வந்தார். ஒரு பொதி வாழைப்பழமும் ஒரு பிளாஸ்ரிக் கோப்பும் கொண்டுவந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். நான் கேட்கும் முன்னரே சாரதி அனுமதிப்பத்திரத்தை மேசையில் வைத்தார்.

"எழுதுங்கோ அண்ணை. பேர் குடுக்கிறதில எனக்குப் பயமில்லை. நான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். இடிச்சதுக்கு அடுத்த நாளே என்ர கேசைப் பாக்கிற கேஸ் வேர்க்கரிட்டப் போய்ச் சொன்னனான். அவ எழுதி வைச்சிருக்கிறா."

"ஏன் தம்பி? நான்தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே."

"நீங்கள் நல்ல ஆள் எண்டு அண்டைக்கு எனக்குத் தெரியாதே," என்றார்.

மனைவி தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் தள்ளிவிட்டுச் சிரித்தார். நான் பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டேன். அவர் கோப்பிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். என் கார் இலக்கம் அதில் இருந்தது. இடித்த கணத்தில் இருக்கையில் இருந்தபடியே எழுதினாராம், இறங்கிக் கையைத் தூக்குவதற்கு முன்.

"அண்ணை, இன்சூரன்சுக்கு என்ன திகதி குடுத்தனீங்கள்?"

"ஆகஸ்ட் பதினைஞ்சு. புதன்கிழமை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பதினாறு, அண்ணை. வியாழன்."

"இல்லைத் தம்பி. டயறியில புதன் எண்டுதான் கிடக்கு."

"நான் வெள்ளிக்கிழமை போய், நேற்று எண்டு சொன்னனான். அவ வியாழன் எண்டு போட்டிருக்கிறா. இப்ப உங்கட கடுதாசியில புதன் எண்டு கிடந்தால்?"

ஒரு நாள் வித்தியாசத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். நான் சொல்லியிருக்கக் கூடாத வசனம் அது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே கோபப்பட்டிருப்பேன். அவர் கோபப்படவில்லை. நிராகரிப்புக் கடிதத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்தார். நாற்பத்தோராம் பந்தி.

"முதல் இன்ரர்வியூவில, கடலால வெளிக்கிட்டது ஞாயிறு எண்டு சொன்னனான். ரெண்டாவதில திங்கள் எண்டு வந்திட்டுது. பன்ரெண்டு மணி தாண்டித்தான் அண்ணை போட் எடுத்தது. ரெண்டும் சரிதானே. அதுக்கு இவ்வளவு எழுதியிருக்கினம்."

வாசித்தேன். விண்ணப்பதாரர் தம் வாழ்க்கையின் முக்கியமான நாள் ஒன்றைப் பற்றி முரணான தகவல்கள் தந்திருப்பதால், ஏனைய விடயங்களிலும் அவருடைய கூற்றுகளை நம்புவதற்குத் தயக்கம் உண்டு என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் நாட்குறிப்பைக் கொண்டுவந்து புதன்கிழமையைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், தம் கொப்பியையும் பார்த்தார். நான் முப்பத்தொரு வருடம் எழுதியவன் என்று சொன்னேன். அது அவருக்கு உதவியாக இல்லை.

"இஞ்சருங்கோ," என்றார் மனைவி. "டயறியை எப்ப எழுதுறனீங்கள்?"

"எழுதுற நேரம் எழுதுவன்."

"ஞாயிற்றுக்கிழமை இருந்து முழுக் கிழமைக்கும் எழுதுறவர், தம்பி. ஏழு நாளைக்கும் ஒரே பேனை, ஒரே மை. பாருங்கோ."

அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரே மைதான்.

"சரி, ஞாயிற்றுக்கிழமை எழுதினால் நடந்தது மாறுமோ?" என்றேன்.

"என்னைக் கூட்டிப்போக வரேக்கைதானே இடிச்சது? போன வருசம் புதன் எனக்கு ஓஃப். வீட்டில இருந்த என்னைக் கூட்ட ஏன் வெஸ்ட்மீட்டுக்கு வெளிக்கிட்டனீங்கள்?"

நான் நாட்குறிப்பை மூடினேன். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு முழுவதும் புதன்கிழமை மனைவி வீட்டில் இருந்தது எனக்கும் நன்றாகத் தெரியும். எழுதும்போது யோசிக்கவில்லை. எழுதிய பிறகு, எழுதியிருப்பதால் சரி என்று இருந்துவிட்டேன்.

"பாவம், விடுங்கோ அக்கா," என்றார் அவர். "என்னெண்டாலும் அண்ணையை ஒருத்தரும் இன்ரர்வியூ எடுக்கேல்லைத்தானே."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அழைத்தேன். இந்தமுறை ஓர் ஆண் குரல். பெயரும் இலக்கமும் கொடுத்ததும், பிழை உங்களுடையதல்ல என்று மாற்றிவிட்டேன் என்றார். இன்னொரு திருத்தம் உண்டு, திகதி பதினைந்து அல்ல பதினாறு என்றேன். ஒரு நாளால் உங்கள் காப்புறுதியில் எந்த மாற்றமும் வராது, அப்படியே விடலாம் என்றார். மாற்ற வேண்டும் என்றேன். இப்போது உறுதியாகத் தெரியுமா என்றார். சாட்சி இருக்கிறது என்றேன். மாற்றினார். மாற்றியதை எழுத்தில் அனுப்பச் சொன்னேன். அதற்கு ஏழு வேலை நாட்கள் ஆகும் என்றார். பரவாயில்லை, விசாரணைக்குப் பதினொரு நாள் இருக்கிறது என்றேன். என்ன விசாரணை என்று அவர் கேட்கவில்லை.

கடிதம் ஆறாம் வேலை நாளில் வந்தது. திகதியை நான் ஒருமுறையும் மனைவி ஒருமுறையும் வாசித்தோம். அன்று பின்னேரம் பிரதி எடுத்துக்கொண்டு அவர் வேறு மூன்று பேருடன் இருந்த வீட்டுக்குப் போனேன். வேலை உடுப்போடு வாசலுக்கு வந்தார். கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினார். பெயரில் நின்றார். கார் இலக்கத்தில் நின்றார். திகதியின் கீழே விரலை வைத்து, கிழமையையும் சேர்த்து வாய்க்குள் வாசித்தார். பிறகு தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

"நேரம் போடேல்லையோ அண்ணை?"

"இல்லை. நேரம் அவை கேக்கேல்லை. வேணுமெண்டால் திரும்ப எடுத்துப் போடச் சொல்லுறன்."

அவர் தாளை மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

"வேண்டாம் அண்ணை. போடாதது நல்லது," என்று சொல்லிக் கடிதத்தை இரண்டாக மடித்தார். "மாறிப்போறதுக்கு ஒண்டு குறைவு."