நரி முகம் பார்க்க வந்த பதினொருவர்

கப்பல் சென்னைத் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது. அதில் வந்த வெள்ளைக்காரர்கள் சிலர் சேலத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்று பங்குச் சாமியார் சொன்னபோது, நான் முதலில் கேட்டது "ஏன்?" என்றுதான். துறைமுகத்துக்கும் எங்கள் ஊருக்கும் இருநூறு மைலுக்கு மேல். நடுவில் எத்தனை கோயில்கள், எத்தனை கோட்டைகள்! அவற்றை எல்லாம் விட்டுவிட்டு இங்கே வருவதற்கு வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். கப்பலின் இயந்திரத்தில் ஏதோ பழுதாம். சரிசெய்யும் வரை பயணிகளைச் சும்மா வைத்திருக்க முடியாமல் நாலாபக்கமும் சுற்றுலா அனுப்புகிறார்களாம். எங்கள் பங்குக்கு வந்தது பதினொரு பேர். காலையில் பட்டணம், பிற்பகலில் இந்த மண்ணின் காட்டு விலங்கு, மாலை ஏழு மணி ரயிலில் திரும்புதல். மறுநாள் பகலில் கப்பல் புறப்பட்டுவிடும். கப்பல் யாருக்காகவும் காத்திராது என்று, பயணத்தை ஏற்பாடு செய்த, கழுத்துப்பட்டை கட்டிய சென்னைத் தரகர் என்னிடம் மூன்று முறை சொன்னார்.

"காட்டு விலங்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"மூணு மணிக்கு சார்."

மணி பார்த்து வருகிற காட்டு விலங்கைப் பற்றி நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "நீர்தான் போக வேண்டும். உமக்கு இங்கிலீஷும் வரும், எண்ணவும் வரும். பதினொரு பேரை ரயிலில் ஏற்றிவிட்டு வாரும்."

காணும் பொங்கலன்று விடியற்காலையில் வந்து இறங்கினார்கள். ஆண்கள் ஐந்து, பெண்கள் ஆறு. தொப்பி ஒன்பது, கேமரா நான்கு, கைப்பை ஏழு. பஸ்ஸில் ஏற்றி ஒரு முறை எண்ணினேன். கதவைச் சாத்தியபின் மறுபடி எண்ணினேன். டிரைவர் புதுச்சத்திரம் பக்கத்து ஆள். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, கோழிக்குஞ்சா ஏத்திக்கிட்டுப் போறோம்? எத்தன வாட்டிங்க எண்ணுவீங்க? பதனொண்ணு பன்னெண்டாவா ஆவப்போவுது?"

"பத்தாகிவிட்டால்?"

"ஆனா ஆவட்டும் சாமி. ஒருத்தர் நம்மூர்லயே இருந்துக்கட்டும். ஊட்டுல எடம் இருக்குதுங்க."

அம்மாபேட்டையில் தறி பார்ப்பது முதல் காட்சி. பொங்கலன்று எந்தத் தறிக்காரர் தறிக்குழியில் இறங்குவார் என்று தெரு முழுதும் பார்த்துக்கொண்டே போனேன். தறிகள் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து ஓய்ந்திருந்தன. ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஒருவர் புது வேட்டி கட்டி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். பயணிகள் படம் எடுத்தார்கள். நான் துணியையே பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. குனிந்து பார்த்தால், ஊடுநூலை இழுத்து ஓடும் நாடாவில் நூலே இல்லை.

அவர் தலையைத் தூக்காமல் மெதுவாகச் சொன்னார்: "கண்டுக்காதீங்க சார். இன்னிக்கு நெய்யக் கூடாது. வெறும் நாடாவை ஓட்டிக் காட்டறதுல ஒண்ணும் தப்பில்ல."

அப்போதே எனக்கு உறுதியாகிவிட்டது. தறி இப்படி என்றால், மூன்று மணி விலங்கு எப்படி இருக்கும்? வீட்டு நாயாக இருக்கும். சாயம் பூசினாலும் பூசுவார்கள்.

பெரிய கோயில் வாசல், கடைவீதி, கலெக்டர் கச்சேரி எல்லாம் பார்த்துவிட்டு ஆத்தூர் சாலையில் கிழக்கே போனோம். சாலையோரம் ஜவ்வரிசி ஆலைகளின் களங்களில் மாவு வெள்ளை வெளேரென்று காய்ந்தது. கட்டையான ஒரு மனிதர் அது என்ன என்று கேட்டு, மரவள்ளிக்கிழங்கு என்று நான் சொன்னதை ஒரு சிறிய நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதட்டும். ஆனால் ரயில் பாலம் வந்தபோதும் எழுதினார். பாலத்தில் எழுத என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு மற்ற பத்துப் பேரை விட்டுவிட்டு அவர்மேலேயே கண் வைத்தேன். நான் செய்த பிசகுகளில் அது முதலாவது.

இரண்டே முக்காலுக்கு அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊருக்குப் பின்னால் முள்ளும் பாறையுமாக ஒரு கரடு. முன்னால் மாரியம்மன் கோயில். அதைச் சுற்றி ஆண், பெண், குழந்தை என்று நானூறு பேருக்குக் குறையாது. அந்தப் பக்கத்துச் சில ஊர்களில் பொங்கல் சமயத்தில் கரட்டுக்குள் வலை கட்டி ஒரு வங்காநரியைப் பிடித்து வருவார்கள். மாலை போட்டு, கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி, ஊரார் எல்லோருக்கும் அதன் முகத்தைக் காட்டிவிட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் அந்த வருஷம் மழைக்கும் வெள்ளாமைக்கும் குறைவிருக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. நான் சேலத்திலேயே பிறந்து வளர்ந்தும் அதைப் பார்த்ததில்லை. தரகர் இதைத்தான் மூன்று மணிக்கு என்று குறித்து வைத்திருக்கிறார்.

மேளம் கேட்டது. துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல ஓர் இளைஞர் அதைத் தூக்கி வந்தார். நான் நெருங்கிப் பார்த்தேன். நாய் இல்லை. சாம்பல் நிறம், மெலிந்த முகம், கூர்மையான காது, வால் நுனி கறுப்பு. வாயைச் சுற்றி நூல் கட்டியிருந்தது. பின்னங்காலில் கட்டிய மெல்லிய கயிற்றின் மறுமுனையை இன்னொருவர் பிடித்திருந்தார். நரி மூச்சு வாங்குவது துண்டுக்குமேல் தெரிந்தது.

விருந்தாளிகள் என்பதால் கோயிலின் தென்கிழக்கு மூலையில் எங்களை நிறுத்தினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அங்கே நின்று முகத்தை எங்களுக்குத் தனியாகக் காட்டுவதாக ஏற்பாடு. முதல் சுற்று வந்து நின்றது. அதோடு ஊரே வந்து நின்றது. ஆனால் ஊர் நரியைப் பார்க்கவில்லை.

"ஏண்டி, அந்தம்மா கையைப் பாரு. உரிச்ச கெழங்காட்டம் இருக்குது."

"இவங்களச் சுத்தி வந்தாலே மழ பேஞ்சிரும் போல. நரி எதுக்குங்கறேன்?"

"மொதல்ல அவங்களுக்கு ஒரு மால போடுங்கடா!"

பயணிகளில் ஓர் உயரமான அம்மாள் இருந்தாள். அறுபது வயது இருக்கும். ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து ஏதோ பூத்தையல் போட்டுக்கொண்டு, யாரோடும் அதிகம் பேசாதவள். ஆகவே நான் அவளைச் சந்தேகிக்கவில்லை. அவள் என்னிடம் வந்து, "இதைக் கடைசியில் கொன்றுவிடுவார்களா?" என்று கேட்டாள்.

விட்டுவிடுவார்கள் என்பதுதான் நான் கேள்விப்பட்டது. ஆனால் கேள்விப்பட்டதை நான் அப்படியே சொல்லும் வழக்கம் இல்லை. கரட்டுக்குள் கொண்டுபோய் என்ன செய்கிறார்கள் என்று நானா பார்த்தேன்? அடித்துத் தின்றாலும் யார் கண்டது? "விட்டுவிடுவதாகச் சொல்கிறார்கள்," என்றேன். "நான் பார்த்ததில்லை."

அவள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டாவது சுற்று வந்தது. அவள் நரியின் நெற்றியைத் தடவினாள். பெண்கள் கைதட்டினார்கள். நான் நோட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோயில் கோபுரத்தை வரைந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது சுற்று தொடங்கி எங்கள் மூலைக்கு வந்து நின்றது. அவள் மறுபடி தடவுவதற்குக் குனிந்தாள். கையில் தையல் கத்தரிக்கோல் இருந்தது. வாய்க்கட்டு அறுந்தது. நரி, தன்னைத் தூக்கியிருந்தவரின் கையைக் கவ்வியது. அவர் அலறி அதைக் கீழே விட்டுவிட்டார். நரி தரையில் விழுந்து, கயிறு விறைத்து நின்ற அந்த நொடியில் அவள் கயிற்றையும் வெட்டினாள். இரண்டு வெட்டு. நரி நானூறு பேர் கால்களுக்கு நடுவே புகுந்து, சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் போய், கரட்டில் ஏறி மறைந்தது. மாலை மட்டும் கீழே கிடந்தது.

மேளம் நின்றுவிட்டது. கடிபட்டவரை மஞ்சள் வைத்துக் கட்ட அழைத்துப் போனார்கள். அந்த அம்மாள் கத்தரிக்கோலைப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். தரகரைத் தேடினேன். அவர் ஏற்கனவே பஸ்ஸுக்குள் இருந்தார். பஸ்ஸுக்கு முன்னால் முப்பத்திரண்டு ஆண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் கையை ஓங்கவில்லை, திட்டவில்லை. வெறுமனே உட்கார்ந்தார்கள்.

மணி மூன்றரை. டிரைவர் என் காதில் சொன்னார்: "இது ஆவறதில்லைங்க. மூணு சுத்து வல்லீன்னா இன்னொரு நரி புடிச்சாவணும்ங்கறாங்க. அது வர்ற வரைக்கும் நம்மளையும் உடமாட்டாங்களாமா. நாமதானுங்க கெடுத்தது."

"பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"இத புடிக்கவே மூணு நாள் ஆச்சுதாமுங்க."

பதினொரு பேர், ஏழு மணி ரயில், மறுநாள் கப்பல். பையில் கைவிட்டு ஜெபமாலையைத் தேடினேன்.

ஊர்ப்பெரியவர் எழுந்து வந்தார். மெலிந்தவர், வெள்ளை மீசை. கூட்டத்தைப் பார்த்து, "எத்தன சுத்து வந்துச்சு? யாராவது சொல்லுங்க," என்றார்.

மூன்று என்றார் ஒருவர். இரண்டு என்றார் இன்னொருவர். "நீ எங்கடா நரியப் பாத்த? தொப்பிக்காரம்மா செருப்பயில்ல பாத்துக்கிட்டிருந்த," என்று ஒருத்தி கத்தினாள். உண்மையில் ஒருவரும் எண்ணவில்லை. வருஷா வருஷம் எண்ணாமலே எல்லோருக்கும் தெரிந்த கணக்கை, அன்று வெள்ளைக்காரர்களைப் பார்த்த பராக்கில் ஊர் முழுக்கத் தவறவிட்டிருந்தது.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "வாத்தியார் ஐயா, நீங்க வெரல் மடக்கி எண்ணிக்கிட்டு இருந்தீங்க. நான் பாத்தேன். நீங்க சொல்லுங்க."

இரண்டே கால். மூன்றாவது சுற்றில் கிழக்குப் பக்கம் மட்டும் முடிந்திருந்தது; எங்கள் மூலையிலிருந்து தெற்குப் பக்கம், மேற்குப் பக்கம், வடக்குப் பக்கம் மூன்றும் பாக்கி. எனக்குத் துல்லியமாகத் தெரியும். மாணவன் ஒருவன் கால் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னதற்காக அவனை முழங்காலில் நிற்கவைத்தவன் நான்.

"மூன்று," என்றேன்.

"முழுசா?"

"முழுதாக."

"நாங்க எங்க சாமி முன்னால நிக்கிறோம். நீங்க உங்க சாமி மேல சொல்லுங்க."

நானூறு பேர் பார்த்தார்கள். சட்டைக்குள் கிடந்த சிலுவையை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டு, "மூன்று" என்று மறுபடியும் சொன்னேன். பெரியவர் என்னையே பார்த்தார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. பிறகு கையை அசைத்தார். முப்பத்திரண்டு பேரும் எழுந்து வழிவிட்டார்கள். ஒரு பெண் ஓடிவந்து பஸ் ஜன்னல் வழியாக ஒரு கட்டுக் கரும்பைத் திணித்தாள்.

ஏழு மணி வண்டியில் பதினொரு பேரையும் ஏற்றினேன். அந்த அம்மாள் ஜன்னலிலிருந்து என் கையைப் பிடித்து, "நீங்கள் உண்மையைச் சொன்னதால்தான் அதைக் காப்பாற்ற முடிந்தது," என்றாள். எந்த உண்மை என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். என்னை அனுப்பிய அதே சாமியார்தான் கூண்டுக்குள் இருந்தார். பொய்ச்சத்தியம் என்றேன். "எத்தனை முறை?" என்று கேட்டார். "ஒரு முறை, சாமி. ஆனால் இரண்டு தரம் சொன்னேன்," என்றேன். பரிகாரமாகப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். எனக்கு அது போதவில்லை. அந்த வருஷம் முழுவதும் வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கத்துப் பையன்களிடம் மழை பெய்ததா, கிணற்றில் எத்தனை படி நீர் என்று விசாரித்துக்கொண்டே இருந்தேன். ஒருவன் நிறைய என்பான், ஒருவன் இல்லை என்பான். எதையும் நம்ப முடியவில்லை.

அடுத்த பொங்கலுக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போனேன். யார் கண்ணிலும் படாமல் ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். அந்த வருஷத்து நரி சற்றுப் பெரியது. ஒரு சுற்று வந்தது. இரண்டு. மூன்று. மேளம் நிற்கவில்லை. நான்காவதாகவும் ஒரு சுற்றுப் போனார்கள்.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "எப்போதும் மூன்று சுற்றுத்தானே அம்மா?" என்று கேட்டேன்.

"மூணுதாங்க. போன வருசம் ஒண்ணு கொறஞ்சு போச்சாம். பெரியவரு இந்த வருசம் சேத்து வரச் சொல்லிட்டாரு."

நழுவிவிடலாம் என்று திரும்பினேன். பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எனக்கு நேரே வந்துகொண்டிருந்தார். அருகில் வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க வாத்தியார் ஐயா. எண்ணுனீங்களா?"

"எண்ணினேன்."

"எத்தன?"

முக்கால் சுற்றுத்தான் குறைவு, முழுதாக ஒன்று தேவையில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. "நாலு," என்றேன்.

"செரி," என்றார். "வாங்க, சாப்பிடலாம்."