எந்தப் பக்கம் மேலே

பொத்தான் துளையின் ஓரத்தை அந்தக் கைகள் பட்டு நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தன. ஐந்தாவது துளை, கடைசி. காலையிலிருந்து இதே வேலை.

கைகளுக்குச் சொந்தக்காரர் ஒரித்தோ. கோயென்ஜி ரயில் பாலத்துக்கு அடியில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சை அடக்க வேண்டிய கடை. தையலை யாரிடமும் கற்றவரில்லை. இருபது வயதில் ஞாயிறுதோறும் ஹராஜுகு தெருவில் ராக் பாட்டுக்கு ஆடப் போவார், கால்சட்டை கிழியும், கிழிந்ததைத் தைத்துத் தைத்தே தொழிலாகிவிட்டது. நெற்றிக்கு மேல் அலைபோல் தூக்கி வாரிய முடி அன்றைய பாணி. முடி குறைந்துவிட்டது, அலை குறையவில்லை. ஊர் சுற்ற வருகிறவர்கள் அதைப் படமெடுப்பார்கள். கடையைத்தான் படமெடுக்கிறார்கள் என்று இவர் நினைத்துக்கொள்வார்.

இப்போது தெருப் பிள்ளைகளுக்குப் பழைய கிமோனோவை வெட்டிக் கோட்டாகப் போடுவதில் மோகம். கீழே செங்கல் உயர பூட்ஸ், மேலே பச்சைத் தலை, நடுவில் கல்யாணப் பட்டு. பார்த்துப் பார்த்து ஃபுசாயேவுக்கும் ஆசை வந்துவிட்டது, அறுபத்து மூன்று வயதில். பக்கத்துச் சந்தில் எட்டு நாற்காலி போட்ட மதுக்கடை அவளுடையது. மதுக்கடை நடத்துகிறவளை எழுபது வயதுக் குடிகாரரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். கடை திறந்த அன்று உடுத்திய கிமோனோவையே வெட்டக் கொடுத்திருந்தாள். இன்று ஆறு மணிக்குக் கடையின் இருபதாம் ஆண்டு விழா.

நான்கு மணிக்கு வந்து கோட்டைப் போட்டுப் பொத்தான் மாட்டியவள் கண்ணாடியைப் பார்த்து அலறினாள்.

"ஒரித்தோ சான், என்னப் பொணமாக்கிட்டீங்களே!"

வலது பக்கம் மேலேறி இடது பக்கத்தை மூடியிருந்தது. ஆணோ பெண்ணோ, கிமோனோவில் இடதுதான் மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை.

"லேடீஸ் கோட்டுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க? அதுல வலதுதான் மேல வரும். நீங்க போட்டுட்டு வந்த சட்டையப் பாருங்க."

"அது சட்டை. இது கிமோனோ."

"வெட்டியாச்சே."

"நீங்க வெட்டுனா அது கிமோனோன்னு அதுக்கு மறந்துருமா?"

அப்படித் தப்பாக உடுத்துவதற்கு ஜப்பானிய மொழியில் என்ன பெயரோ, வியாபாரம் நொடித்துப்போவதற்கும் அதே பெயர்தான். சந்தில் இந்த ஆண்டு இரண்டு கடைகளை மூடிவிட்டார்கள்.

"எங்க கடைக்கு வர்றவன் எல்லாம் வாயாடி. அடுத்தது இவதான்னு நெஞ்சுல எழுதி ஒட்டிட்டு நிக்கணுமா? இடது பக்கத்த மேல கொண்டு வாங்க."

"அந்தப் பக்கம் துணி விடல."

ஒரித்தோ சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார்.

"யோசிக்கிறப்ப சீவாதீங்க, இருக்கறதும் போயிரும்."

சீப்பு பாதியில் நின்றது. "அம்மா, கிமோனோ மேல போடுற ஹவோரிய எப்பவாச்சும் மூடிப் போட்டிருக்கீங்களா?"

"அத எவ மூடுவா? நடுவுல கயிறு கட்டித் தொங்க விடறதுதானே."

"அப்ப அதுல எது மேல, எது கீழ?"

அம்மா முக்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் ஐந்து பொத்தான்களையும் அறுத்தெடுத்தார். வலது ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்தார். காலையிலிருந்து கட்டிய ஐந்து துளைகளும் யார் கண்ணுக்கும் படாமல் மடிப்புக்குள் போயின. அப்போது மட்டும் ஒரு பெருமூச்சு. இரண்டு ஓரங்களும் நடுவில் தொட்டுக்கொண்டு நின்றன, ஒன்றன் மேல் ஒன்று ஏறவில்லை. கிமோனோவின் நீளக் கையை வெட்டியதில் மிஞ்சிய துணியைக் கிழித்து, நடுவில் கட்டக் கயிறு பின்னினார்.

"மணி அஞ்சே முக்கால்" என்றாள் அம்மா, மூன்றாவது முறையாக.

"அவசரத்துல பின்னுனா முறுக்கிக்கும்."

அவிழ்த்து ஒரு விரற்கடை திரும்பப் பின்னினார். கயிற்றை இரண்டு ஓரங்களிலும் பொருத்தி, முடிச்சைத் தட்டையாக்கி, இஸ்திரிப் பெட்டியின் ஆவி காட்டி, நூல் துணுக்கை ஊதினார். அம்மா எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். அவரும் கோட்டை இரண்டு கைகளாலும் ஏந்தி, அவள் கைகளின் மேல் வைத்தார்.