சகலையின் கரண்ட் கார்

போன ஞாயிற்றுக்கிழமை பதுளையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு புது எலக்ட்ரிக் கார் வந்து நின்றது. சத்தமே இல்லை. இறங்கியவன் மோகன் – என் மனைவியின் தங்கை கணவன்.

"அண்ணே, அப்புத்தளை வரைக்கும் போயிட்டு வருவோமா?"

சிரித்தேன். உள்ளே வயிறு எரிந்தது.

காரணம் இருக்கிறது. போன வருஷம் இதே காரை வாங்கலாம் என்று என் மனைவி கேட்டாள். "கரண்ட் கார் நம்ம மலை ஏறாதும்மா" என்று பெரிய மெக்கானிக் மாதிரி சொன்னேன். ஆபீஸ், சலூன், கல்யாண வீடு... எங்கும் அதையேதான் சொன்னேன். இப்போது என் வார்த்தை நிற்க வேண்டுமென்றால் மோகனின் கார் நடுவழியில் நிற்க வேண்டும்!

மனைவியும் பின் சீட்டில் ஏற, கிளம்பினோம். ஏற்றத்தில் எண்பதில் இருந்த சார்ஜ் ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது. எனக்கோ ஒரே குஷி. ஆனால் திரும்பும்போது, பண்டாரவளைக்கு வருவதற்குள் ஐம்பத்து நான்கு. இறக்கத்தில் தானாகவே சார்ஜ் ஏறுமாம். இது என்ன அநியாயம்?

"கொஞ்சம் குடு, நானும் ஓட்டிப் பாக்குறேன்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

வளைவு வளைவாக இறங்கினோம். சார்ஜ் ஐம்பத்து நான்கிலேயே நின்றது. விடுவேனா?

"பாத்தியா மோகன், ஏறவே இல்ல. கம்பெனிக்காரன் நல்லா ஏமாத்திட்டான்!"

மோகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அண்ணே... நியூட்ரல்ல போட்டிருக்கீங்க. கியர்ல இருந்தாதான் சார்ஜ் ஏறும்."

இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிப்பது நம் மலைநாட்டு டிரைவர்களின் பழைய வியாதி. என் பழைய காரில் இருபது வருஷம் பழகிய கை... பெட்ரோலே இல்லாத காரிலும் அதையே செய்திருக்கிறது.

கியரை மாற்றினேன். ஹாலிஎல வருவதற்குள் ஐம்பத்தேழு.

பின் சீட்டிலிருந்து என் மனைவி கேட்டாள். "என்னங்க, மலை ஏறாதுன்னு சொன்னது நீங்கதானே?"

புதுக் காரை நாம் ஏன் வேண்டாம் என்கிறோம்? விலை, பேட்டரி, சார்ஜ் போட இடம் என்று நூறு காரணம் சொல்வோம். எனக்கு இருந்தது ஒரே காரணம்தான். அந்தக் கார் மலை ஏறினால் மோகனும் என்னைத் தாண்டி ஏறிவிடுவான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மறுபடியும் கேட்டாள். "இப்பவாச்சும் வாங்கலாமா?"

வாங்கலாம்தான்... ஆனால் அவனுடையதைவிட ஒரு சைஸ் பெரிதாக!