லைனுக்கு அக்கட்டால ஐம்பத்திரண்டு பேர்

கரட்டூர் ரோடு என்ற பெயரே ரயில்காரர்கள் வைத்ததுதான். அசல் கரட்டூர் வடக்கே நான்கு மைல் தள்ளிக் கிடக்கிறது. பொள்ளாச்சிக்கும் உடுமலைப்பேட்டைக்கும் நடுவே தண்டவாளம் போட வந்தவர்கள், இஞ்சினுக்குத் தண்ணீர் தேடி ஒரு பெருங்கிணற்றைக் கண்டு அங்கேயே ஸ்டேஷனைக் கட்டிவிட்டார்கள். வண்டி நின்றது. தேங்காய் மண்டி வந்தது. இப்போதைய டீக்கடைக்காரர் மைதீன் பிச்சையின் தாத்தா அந்தக் கடையைப் போட்டார். அப்புறம்தான் ஊர் வந்தது.

இதையெல்லாம் தேடிப் பிடித்துப் புத்தகமாக எழுதியவர் பள்ளித் தலைமையாசிரியர் அரங்கசாமி. ‘கரட்டூர் ரோடு: வரலாறும் மக்கள் தொகையும்’ என்று பெயர், நாற்பது பக்கம். 1994இல் வியாபாரிகள் சங்கம் அச்சடித்து, பிளாட்பாரத்திலேயே மேடை போட்டு வெளியிட்டது. பொன்னாடை போர்த்தினார்கள். அவரும் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினார், கடைசிப் பக்கம் ஒன்றைத் தவிர. நேரமாகிவிட்டது என்று சொல்லி மூடிவைத்தார். அந்தப் பக்கத்தில் இருந்தது ஊரின் மக்கள் தொகை: ‘மொத்தம் 2,417. இதில் ரயில் பாதைக்குத் தெற்கே 52.’

அந்த ஐம்பத்திரண்டு அவர் எண்ணாமல் எழுதியது.

1991இல் மக்கள் தொகைக் கணக்கெடுப்பை அரசாங்கம் வழக்கம்போல வாத்தியார்கள் தலையில் கட்டியது. வடக்குப் பக்கம் ஒரு வீடு விடாமல் போனார். ஊஞ்சலில் உட்கார்ந்து மோர் குடித்து, பெயர், வயது, படிப்பு எல்லாம் எழுதினார். தெற்குப் பக்கம் இருந்தவர்கள் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன்களும், மூட்டை தூக்குகிறவர்களும், அவர்களை ஒட்டி வந்து குடிசை போட்ட சொந்தபந்தங்களும். ஊர் அந்த இடத்துக்குப் பெயர்கூட வைக்கவில்லை. அந்தப் பக்கம் என்ற பொருளில் ‘அக்கட்டால’ என்று முகவாயால் காட்டுவதோடு சரி.

அங்கே போனால் முதலில் சொம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். கொங்கு நாட்டில் அது இல்லாமல் பேச்சு தொடங்காது. கொடுத்ததை வேண்டாம் என்று சொன்னால் அவமரியாதை. வாங்கிக் குடித்தாலோ, செய்தி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். அவர் சாதியில் அதைச் சும்மா விடமாட்டார்கள். மறுக்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது. மரியாதை தெரிந்த மனிதர் அல்லவா, அதனால் போகாமலே இருந்துவிட்டார். இந்த மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில்தான் கொட்ட வேண்டும்.

பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தபடி, வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனைக் கேட்டார். “பத்துப் பன்னெண்டு ஊடு இருக்குமுங்க,” என்றான் அவன், ரயில்வே குவார்ட்டர்ஸை மட்டும் மனதில் வைத்து. வாத்தியார் அதைப் பெருக்கி ஐம்பத்திரண்டு ஆக்கினார். பிறகு ஐம்பத்திரண்டு பேருக்கும் அவரே பெயர் வைத்தார், வயது போட்டார், கல்யாணமும் செய்துவைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது.

புத்தகம் வெளிவந்த மூன்றாம் மாதம், கேங்மேன் மாசாணம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். கையில் அரசாங்கக் கடிதம்.

“வாத்தியாரய்யா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லோணுங்க.”

தெற்குப் பக்கத்துக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம் கேட்டு மாசாணம் மனுப் போட்டிருந்தார். தேங்காய் ஏற்ற வரும் கூட்ஸ் வண்டி மணிக்கணக்கில் குறுக்கே நின்றுவிடும். பிள்ளைகள் அதற்கு அடியில் புகுந்துதான் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்கள். பதில் நான்கே வரி. முன்னூறு பேராவது இருந்தால்தான் பள்ளி. கணக்குப்படி அங்கே வசிப்பவர்கள் ஐம்பத்திரண்டு பேர்.

“முன்னூறுக்கு மேல இருக்கறமுங்க. ஆரோ தப்பா எழுதிப்போட்டாங்க,” என்றார் மாசாணம். “எண்ண வருவாங்கன்னு அன்னிக்கு எங்காளுக ஒருத்தரும் வேலைக்குப் போகலீங்க. பொழுதெறங்கற வரைக்கும் ஊட்டுலயே இருந்தமுங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா நடக்குமுங்க.”

யாரோ என்று சொன்னாரே, அதுதான் அரங்கசாமிக்கு உறைத்தது. எழுதியது யார் என்று மாசாணத்துக்குத் தெரியும். தெரிந்தே அவர் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் பேசினார்.

“பாக்கலாம்ப்பா,” என்றார் வாத்தியார். அந்த வட்டாரத்தில் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். லைனுக்குத் தெற்கிலிருந்து வருகிற பிள்ளைகள் மட்டும் அறுபத்தொரு பேர். ஐம்பத்திரண்டு பேர் குடியிருக்கிற இடத்திலிருந்து அறுபத்தொரு பிள்ளைகள். இரண்டும் அவர் கையெழுத்து. தெரியாமல் செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. கூசிப்போனார்.

மனைவி ராசாத்தாளிடம் சொன்னார். “இப்ப எதுக்குங்க அதைப் போயி கெளறிட்டு?” என்றாள் அவள். “ரிட்டயராக இன்னும் ரெண்டு வருசம். ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா ஊருக்குள்ள தலை நிமுந்து நடக்க முடியுங்களா?” அவருக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததை நினைத்து ராத்திரி முழுக்கப் புரண்டார்.

பத்து நாள் போயிற்று. ஒரு காலை பள்ளிக்குப் போகும் வழியில், நின்றிருந்த கூட்ஸ் வண்டிக்கு அடியில் ஒரு பாவாடை தெரிந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை. பையை முதலில் தள்ளிவிட்டுப் பின்னால் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவள் வெளியே வந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, “வணக்கம் சார்,” என்றாள்.

அன்றே எழுதிவிட்டார். நான் அங்கே போகவில்லை, எண்ணவில்லை, எழுதியது பொய்க் கணக்கு என்று மூன்று வரி. கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்.

1995 தொடக்கத்தில் பதில் வந்தது. அவர்மீது விசாரணை. பொன்னாடை போர்த்திய சங்கத்தார் எதிரே வந்தால் கடைக்குள் திரும்பிக்கொண்டார்கள். அதை அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது கடிதத்தின் கடைசி வரி. அதை மறைத்து வைக்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். பிறகு தண்டவாளத்தைத் தாண்டிப் போனார், தன் ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக.

நாற்காலி போட்டார்கள். சொம்பில் தண்ணீர் வந்தது, குடித்தார். வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். அவர் கடிதத்தைப் படித்தார்: வெளியிட்ட கணக்கைத் திருத்த முடியாது, அடுத்த கணக்கெடுப்பு 2001இல்.

திட்டினால் தேவலை என்று இருந்தது அரங்கசாமிக்கு.

கடைசியில் மாசாணம்தான் கேட்டார், கோபமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவராக.

“அந்த அம்பத்திரண்டு பேருல எம்பேரு இருக்குதுங்களா?”

“இல்லீங்க,” என்றார் வாத்தியார். “இங்க இருக்கறவங்க ஆரு பேருமே இல்லீங்க.”