நடக்கத் தடை என்ன?

நர்சிங் மேல்படிப்பின் கடைசி வருடம். சர்க்கரை நோயாளிகளிடம் கேட்டு நிரப்பிவர என்னிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். உடற்பயிற்சி செய்ய உங்களுக்குத் தடையாக இருப்பது எது? நேரமின்மையா, சோர்வா, கூச்சமா, ஆர்வமின்மையா? யாரோ ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து யோசித்த கேள்விகள். அவற்றைத் தூக்கிக்கொண்டு மயிலாடுதுறைக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்குப் போனேன்.

தெருமுனையில் இரண்டு கட்சிக் கொடிகளும் பக்கத்துப் பக்கத்தில் பறந்தன. எது ஆட்சிக்கு வந்தாலும் அந்தத் தெருவின் வழக்கு மட்டும் கோர்ட்டை விட்டு நகரவில்லை. வாய்க்கால் கரைப் பாதை தங்கள் பட்டா நிலம் என்று பண்ணை வீட்டார் முள்வேலி போட்டுவிட்டார்கள். காலங்காலமாக நடந்த பொதுப்பாதை என்று தெருவார் வழக்குப் போட்டிருந்தார்கள்.

நான் போன வீட்டு அக்காவுக்கு இடது பாதம் மரத்துப்போயிருந்தது. இப்படியே உட்கார்ந்திருந்தால் கால் தங்காது, தினமும் நடந்தே ஆகணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெயின் ரோடு முழுக்க மணல் லாரிகள். நடக்க இருந்தது அந்தக் கரை ஒன்றுதான்.

“வீட்டுக்குப் பக்கத்துல நடக்கப் பாதை இருக்காக்கா?”

கணவர் முந்திக்கொண்டார். “இருக்கு. தினமும் கரையில நடக்குறான்னு எழுதுங்க.”

“வேலி போட்டதுலேருந்து நான் எங்கங்க நடந்தேன்?” என்றார் அக்கா.

அதற்குள் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். நடமாட்டம் நின்றுபோனது தெரிந்தால் பாதை உரிமை போய்விடும் என்று வக்கீல் சொல்லிவைத்திருந்தாராம். காகிதத்தில் ஏறுவது எல்லாம் கோர்ட்டுக்குப் போய்ச் சேரும் என்று அத்தனை பேரும் நம்பினார்கள். “இது காலேஜுக்குத்தாங்க” என்றேன். யார் கேட்டார்கள்? ஒருவர் என் பேனாவையே முறைத்துக்கொண்டு நின்றார். நடக்கிறார் என்று எழுதினால், அவருக்கு நடக்க வழியில்லை என்பது காலேஜில் யாருக்கும் தெரியாது, அந்தக் காலை இனி யாரும் கவனிக்கப்போவதில்லை. நடக்கவில்லை என்று எழுதினால் தெருவே என்னை விடாது.

அக்கா எழுந்து செருப்பை மாட்டினார். “பொய் சொல்ல எனக்கு வராது. வாங்கம்மா, நடந்துட்டே சொல்றேன்.”

கணவர் மறித்தும் நிற்கவில்லை. நான் பின்னால் ஓடினேன். முள்கிளை ஒன்றை விலக்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலிக்குள் நுழைந்தார். கொஞ்ச தூரம் போவதற்குள் பண்ணை ஆள் ஒருவர் எதிரே வந்து நின்றார். கையில் அரிவாள். புல் அறுக்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“யாரைக் கேட்டு இங்க வந்தே?”

“டாக்டரைக் கேட்டு.”

அவர் முழித்தார்.

“காலு போயிடும்னாருய்யா. வழிய விடு.”

அவர் ஒதுங்கவில்லை. தடுக்கவும் இல்லை. அக்கா கரைச் சரிவில் இறங்கி அவரைச் சுற்றிக்கொண்டு போனார். மரத்த கால் சேற்றில் வழுக்கியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பயந்துதான் போயிருந்தேன்.

மதகு வரை போய்த் திரும்பினோம். அந்த ஆள் யாரையோ கூப்பிட்டபடி பண்ணை வீட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். நாங்கள் வீடு திரும்ப அதே கரையை விட்டால் வேறு வழி கிடையாது.

“இப்ப எழுதுங்கம்மா” என்றார் அக்கா, மூச்சு வாங்கியபடி. “தினமும் நடக்குறேன்னு எழுதுங்க. நாளைக்கும் வருவேன்ல.”